தெள்ளுப்பூச்சிக்கும் ஒரு ஸ்தோத்திரம்!

திங்கட்கிழமை காலையில் ஆபீஸுக்குள் நுழைந்ததும் பக்கத்து ஸீட்காரரிடம், “எப்படி ஸார் இருக்கீங்க?” என்று கேட்டுப் பாருங்களேன். “ஏதோ ஓடுது”, “இருக்கேன்”, “என்னத்தைச் சொல்ல” - இந்த மூன்றில் ஒன்றுதான் பதிலாக வரும். தப்பித்தவறி ஒருவர் “ரொம்ப நல்லா இருக்கேன்” என்று சொல்லிவிட்டால் போச்சு! ‘அரியர்ஸ் ஏதாவது வந்திருக்குமோ? நமக்கு மட்டும் தெரியலையோ?’ என்று அன்றைக்கு முழுக்க நமக்கு வேலை ஓடாது.

அப்படி ஒரு ‘ரொம்ப நல்லா இருக்கேன்’ ஆசாமியோடு ஒரே ரூமில் ஒன்றரை வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான்.

1993. சென்னை அப்போது மெட்ராஸ். திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன். பத்துக்குப் பத்து ரூமில் இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், கொடியில் நாலு பனியன். காலை ஐந்தரைக்கு பக்கெட்டும் கையுமாக க்யூவில் நிற்காவிட்டால் அன்றைக்குக் குளியல் கிடையாது. வேலை கிடைத்துப் பெட்டியோடு வந்து இறங்கிய முதல் நாள், எதிர்க் கட்டிலில் லுங்கியோடு உட்கார்ந்திருந்தவரிடம் மரியாதைக்கு, “நல்லா இருக்கீங்களா ஸார்?” என்றேன்.

“ஸ்தோத்திரம்!” என்றார்.

பெயரைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் ‘ஸ்தோத்திரம் ஸார்’ என்றே கூப்பிட்டேன். அவரும் திருத்தவில்லை. எட்டாம் நாள்தான் சிரித்துக்கொண்டே, “தம்பி, அது எம் பேரு இல்லைடே. ஆண்டவருக்கு நன்றின்னு சொன்னேன்” என்று விளக்கினார். அதற்கப்புறம் ‘அண்ணாச்சி’ என்று மாற்றிக்கொண்டேன்.

அண்ணாச்சிக்கு ஊர் நாசரேத். இயேசுநாதர் வளர்ந்த நாசரேத் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத். மெஞ்ஞானபுரம், சாயர்புரம், கிறிஸ்தியாநகரம் என்று அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே சர்ச் மணி காதில் விழும். சர்ச்சை அவர்கள் ‘கோயில்’ என்பார்கள். பாதிரியாரை ‘ஐயர்’ என்பார்கள். “போன ஞாயித்துக்கிழமை எங்க ஐயர் பிரசங்கம் ஒண்ணரை மணி நேரம்” என்று அண்ணாச்சி சொன்னபோது தஞ்சாவூர்க்காரனான நான் குழம்பிப் போனது தனிக் கதை!

பாரிமுனையில் ஒரு தனியார் கம்பெனியில் அவர் அக்கவுன்ட்ஸ் கிளார்க். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். மனைவியும் ஒரு பெண் குழந்தையும் ஊரில். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இவ்வளவுக்கும் நடுவில் மனுஷர் ராத்திரி படுத்தால் ரெண்டாவது நிமிஷம் குறட்டை. நானோ என் மேனேஜரை மனசுக்குள் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்க ஒரு மணி ஆகும்.

படுப்பதற்கு முன்னால் அவருக்கு ஒரு பழக்கம். டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு டைரியை எடுப்பார். கம்பெனியில் மிஞ்சிப்போன, போன வருஷத்து டைரி. “தேதியை மட்டும் திருத்திக்கிட்டா ஆச்சு. ஆண்டவர் கிழமையா பார்க்கப் போறார்?” என்பார். எண் போட்டு மூன்று வரி எழுதுவார். கண்ணை மூடி ஒரு ஜெபம். அப்புறம் குறட்டை.

அடுத்தவர் டைரியைப் படிப்பது தப்பு என்று எனக்கும் தெரியும். படித்தேன்.

‘1. பல்லவனில் ஜன்னலோர ஸீட். 2. டிரையல் பேலன்ஸ் முதல் தடவையிலேயே டேலி ஆயிட்டுது. 3. மெஸ்ஸில் ரசம்.’

மறுநாள்: ‘1. வீட்டிலிருந்து இன்லண்ட் லெட்டர். ஓரத்தில் பாப்பா கிறுக்கியிருக்கா. 2. பல்வலி போயிட்டுது. 3. சில்லறை இல்லேன்னதும் செருப்புத் தைக்கிறவர், நாளைக்குக் குடுங்கன்னார்.’

நானே போய் ஒப்புக்கொண்டேன். கூடவே கேள்வியும் கேட்டேன்: “என்ன அண்ணாச்சி... ரசத்துக்கெல்லாமா கடவுளுக்கு நன்றி சொல்வாங்க?”

“பின்னே? ரசத்துக்குச் சொல்லாதவன் லாட்டரி விழுந்தாலும் சொல்ல மாட்டான் தம்பி. சீட்டை எடுத்தது எங் கைராசின்னுருவான்” என்றார்.

பிறகு அந்தப் பத்துக் குஷ்டரோகிகள் கதையைச் சொன்னார். லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் 17-ம் அதிகாரத்தில் வருகிறது. பத்துப் பேர் தூரத்தில் நின்று இயேசுவைக் கூப்பிடுகிறார்கள். ஆசாரியரிடம் போய்க் காட்டுங்கள் என்கிறார் அவர். போகிற வழியிலேயே பத்துப் பேருக்கும் குணமாகிவிடுகிறது. திரும்பி வந்து நன்றி சொன்னது ஒரே ஒருவன். அவனும் யூதர்கள் மதிக்காத சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டதாகக் கதை.

“அந்த ஒம்பது பேரும் கெட்டவங்க இல்லை தம்பி. அவசரக்காரங்க. வீட்டைப் பார்க்கணும், பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்கணும். நம்மளை மாதிரி. ஆறு மணிக்கு பஸ்ஸைப் பிடிக்கணும்லா!”

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஒன்றரை வருஷத்தில் அண்ணாச்சி ஒரு தடவைகூட என்னை அவர் பக்கம் இழுக்கப் பார்த்ததில்லை. காலையில் நான் விபூதி பூசிக்கொள்ளும்போது, வெளிச்சம் படட்டும் என்று கண்ணாடியை நகர்த்தி வைத்துவிட்டுப் போவார்.

மேன்ஷன்வாசிகளுக்கு மூட்டைப்பூச்சியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. வெந்நீர் ஊற்றியாச்சு, மண்ணெண்ணெய் தடவியாச்சு, கட்டிலை மொட்டைமாடி வெயிலில் போட்டாச்சு. ஒன்றும் மசியவில்லை. ஒரு நடுராத்திரி விளக்கைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “இதுக்கும் மூணு வரி எழுதுவீங்களா அண்ணாச்சி?” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் அசரவில்லை. “தெள்ளுப்பூச்சிக்கே ஸ்தோத்திரம் சொன்ன ஒரு அம்மா இருந்தாங்க, தெரியுமா?” என்று ஆரம்பித்தார்.

ஹாலந்து நாட்டில் ஹார்லெம் என்ற ஊரில் கடிகாரக் கடை வைத்திருந்த குடும்பம். கோரி டென் பூம், அவருடைய அக்கா பெட்ஸி, வயதான அப்பா. ஹிட்லரின் ஆட்களிடமிருந்து தப்பிய யூதர்களைத் தங்கள் வீட்டில் ஒளித்து வைத்தார்கள். 1944 பிப்ரவரியில் பிடிபட்டார்கள். அப்பா பத்தே நாளில் சிறையில் இறந்துபோனார். சகோதரிகள் இருவரும் கடைசியாக ஜெர்மனியின் ராவன்ஸ்ப்ரூக் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆடுமாடு போல அடைத்து வைத்த கொட்டகை. அதில் தெள்ளுப்பூச்சி மொய்த்தது. எல்லாவற்றிலும் நன்றி சொல்லச் சொல்லியிருக்கிறதே, இந்தப் பூச்சிக்கும் சொல்வோம் என்றாராம் பெட்ஸி. கோரிக்கு ஆத்திரம். கடவுளே வந்து சொன்னாலும் பூச்சிக்கு நன்றி சொல்ல என்னால் ஆகாது என்று நினைத்தார். ஆனாலும் அக்காவுக்காகச் சொன்னார்.

அந்தக் கொட்டகைக்குள் அவர்கள் ஒளித்துக் கொண்டுவந்த பைபிளை மற்றப் பெண்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். காவலர்கள் ஏன் உள்ளே வந்து தடுக்கவில்லை என்பது முதலில் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. பூச்சிக்குப் பயந்துகொண்டு எவரும் வாசல்படி தாண்டவில்லை!

கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல பிரசங்கக் கதை. ஆனால் பெட்ஸி அந்த டிசம்பரிலேயே முகாமில் இறந்துபோனார். பூச்சி அவரைக் காப்பாற்றவில்லை. அடுத்த சில நாட்களில் கோரி விடுதலையானார். அது ஆபீஸில் யாரோ செய்த எழுத்துப் பிழையால் என்று பின்னால் தெரிந்துகொண்டாராம். (நம் ஆபீஸ்களில் நடக்கும் தவறுகளால் யாரும் பிழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை!) 1971-ல் இதையெல்லாம் புத்தகமாக எழுதினார்.

“அப்போ பூச்சி நல்லதா, கெட்டதா?” என்றேன்.

“கெட்டதுதான். நன்றி சொன்னா கெட்டது நல்லதாயிரும்னு யாரு சொன்னா? அதுக்கு நடுவிலேயும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, அவ்வளவுதான். படு” என்றார். நான் படுத்தேன். மூட்டைப்பூச்சி கடித்தது.

அண்ணாச்சிக்கு இந்தப் பழக்கம் புத்தகத்திலிருந்து வரவில்லை. அவர் அம்மாவிடமிருந்து வந்தது. அடுப்பில் உலை வைக்கும்போதெல்லாம் அம்மா ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவாராம். அதுதான் கோயிலுக்கு. “வீட்டுல அரிசி குறைஞ்ச நாள்லயும் போடுவா. நாங்க பசியோட பார்த்துக்கிட்டு நிப்போம். எங்க கையைப் பிடிச்சு, அந்தக் கையாலேயே அள்ளிப் போடச் சொல்லுவா. சின்னக் கைல்லா, கொஞ்சமாத்தான் வரும்!”

நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக் கோயில்களில் ஸ்தோத்திரம் வெறும் வாய்வார்த்தையாக நிற்காது. பிறந்த நாளா, கல்யாண நாளா, பரீட்சையில் பாஸா, ஆபரேஷன் ஆகி வீடு திரும்பியாச்சா... ஒரு கவரில் ஸ்தோத்திரக் காணிக்கை. பையன் வேலைக்குப் போனால் முதல் சம்பளம் அங்கே போகும். அறுப்பின் பண்டிகை வந்தால் வாழைத்தார், பூசணிக்காய், முருங்கைக்காய், கோழி, முட்டை என்று அவரவர் விளைச்சலில் முதல் பலன் கோயில் வாசலில் குவியும். பிறகு ஏலம். எலுமிச்சம்பழத்தை அதன் விலைக்கு யாரும் எடுக்க மாட்டார்கள். மச்சான் ஐம்பது என்றால் மாப்பிள்ளை நூறு என்பார். கடைசியில் அது முந்நூறுக்குப் போகும். முந்நூறு ரூபாய் எலுமிச்சையில் சர்பத் போட்டுக் குடித்ததைப் பற்றி அண்ணாச்சி ஒரு வரி எழுதியிருந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே அசனப் பண்டிகை. அசனம் என்றால் சாப்பாடு. ராத்திரி முழுக்க வெட்டவெளியில் அடுப்பு மூட்டி, அண்டா அண்டாவாகச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சமைத்து, வருகிற அத்தனை பேருக்கும் பந்தி. நீ எந்தச் சாதி, எந்த மதம் என்று இலை போடுகிறவர் கேட்க மாட்டார். கோயிலுக்குள் பாட்டாகப் பாடிய நன்றி, வெளியே வந்தால் குழம்பு வாளியாகக் கையில் இருக்கும். எனக்கு இந்த இறையியல்தான் சட்டென்று புரிந்தது!

இதற்கெல்லாம் வேர் எங்கே? ரொட்டியும் திராட்சை ரசமும் பரிமாறும் சடங்கைக் கத்தோலிக்கர்கள் நற்கருணை என்கிறார்கள். அண்ணாச்சி சபையார் திருவிருந்து என்கிறார்கள். ஆதிகாலக் கிறிஸ்தவர்கள் அதற்கு வைத்த கிரேக்கப் பெயர் யூகரிஸ்தியா. அர்த்தம், நன்றி செலுத்துதல். இயேசு அந்த ரொட்டியைக் கையில் எடுத்து நன்றி சொன்னது, அவர் பிடிபடுவதற்குச் சில மணி நேரம் முன்னால். ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் வைத்துக்கொண்டு ஐயாயிரம் பேர் எதிரே நின்றபோதும் அப்படித்தான். கூடை நிரம்பிய பிறகு சொல்லவில்லை; பற்றாக்குறையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார். “மாசக் கடைசியில சொல்றதுதான் தம்பி கணக்கு. ஒண்ணாம் தேதி எவன்தான் சொல்ல மாட்டான்?” என்பார் அண்ணாச்சி.

ஜெர்மனியில் ஐலன்பர்க் என்று ஓர் ஊர். அங்கே மார்ட்டின் ரிங்கார்ட் என்று ஒரு போதகர். முப்பதாண்டுப் போர் நடந்த காலம். 1637-ல் ஊருக்குள் கொள்ளைநோய் புகுந்தது. மற்றப் போதகர்கள் செத்தும் ஊரைவிட்டுப் போயும் இவர் ஒருவரே மிஞ்சினார். சில நாட்களில் நாற்பது, ஐம்பது சவ அடக்கம். அந்த வருஷம் மட்டும் 4,000 பேருக்கு மேல் அடக்கம் செய்தார். அதில் அவருடைய மனைவியும் ஒருவர். ஏறக்குறைய அந்தக் காலத்தில் அவர் எழுதிய ஒரு சின்னப் பாட்டு, உலகம் முழுக்க நன்றிப் பாட்டாக இன்றும் பாடப்படுகிறது. அதை அவர் எழுதியது, பிள்ளைகள் சாப்பாட்டு மேஜையில் பாடுவதற்கான ஜெபமாக என்கிறார்கள். அந்த மேஜையில் அன்றைக்கு என்ன சாப்பாடு இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சரி, நான் அவ்வளவு சீக்கிரம் விடுகிற ஆள் இல்லை. “அண்ணாச்சி, இப்படி எல்லாத்துக்கும் நன்றி சொல்லிக்கிட்டிருந்தா முதலாளிக்குத்தானே கொண்டாட்டம்? இன்க்ரிமென்ட் தராட்டியும் ஸ்தோத்திரம்னு போயிடுவீங்களே!” என்று மடக்கினேன்.

பதில் அவர் வாயால் வரவில்லை. அந்த நவம்பரில் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவர் பிரிவையே மூடிவிட்டார்கள். ஏழு பேர் வீட்டுக்கு. பன்னிரண்டு வருஷ சர்வீஸுக்குக் கையில் ஒரு மாதச் சம்பளம். மீதி ‘பார்க்கலாம்’. ராத்திரி ஒன்பது மணிக்கு ரூமுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார். ஊரில் பாப்பாவை அடுத்த வருஷம் ஸ்கூலில் சேர்க்க வேண்டும். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கீழே போய் இரண்டு டீயும் பன்னும் வாங்கி வந்தேன். பாதி பன் சாப்பிட்டார்.

பத்து மணிக்கு டைரியை எடுத்தார். பேனாவைத் திறந்தார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். எனக்கு உள்ளூரக் கோபம். இன்றைக்குமா? இவருக்கு ரோஷமே வராதா? போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அவர் என்ன எழுதினார் என்று பார்க்கவில்லை.

நடுராத்திரி விழித்தபோது ஜன்னல் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தார். ஜெபம் என்று சொல்ல முடியாது, சண்டை. ஆண்டவரோடு நெல்லைத் தமிழில் சண்டை. மறுநாள் கேட்டேன், “கடவுள்கிட்ட அப்படியெல்லாம் பேசலாமா?”

“சங்கீதம் படிச்சுப் பாரு. 150-ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு புலம்பல்தான். ஏன் கைவிட்டீர், எதுவரைக்கும்னு கேட்கிற பாட்டுதான். நன்றி சொல்ற வாய்க்குத்தானே திட்டவும் உரிமை உண்டு? பேசாம இருக்கிறவன் ரெண்டும் செய்ய மாட்டான்” என்றார்.

திங்கட்கிழமை காலை, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு கிளம்பினார். வேலை தேடவா என்றேன். “முதல்ல லேபர் ஆபீஸுக்கு. ஏழு பேரும் சேர்ந்து மனு குடுக்கோம். நன்றி ஆண்டவருக்குடே... பாக்கிச் சம்பளம் எனக்கு!”

என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மனு ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. கேட்டதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அதற்குள் அவர் ஊரோடு போய் ஒரு கடையில் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டார்.

பத்து வருஷம் கழித்து, 2003-ல், அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு மனோதத்துவப் பேராசிரியர்கள் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். மாணவர்களைப் பிரித்து, ஒரு கூட்டத்தாரை வாரா வாரம் நன்றி சொல்லத்தக்க விஷயங்களை ஐந்து வரை எழுதச் சொன்னார்கள். இன்னொரு கூட்டத்தார் எரிச்சலூட்டிய விஷயங்களை எழுதினார்கள். மூன்றாவது கூட்டம், பொதுவாக நடந்ததை. பத்து வாரம் கழித்துப் பார்த்தால், நன்றி எழுதியவர்கள் வாழ்க்கையைப் பற்றி அதிக நம்பிக்கையோடு இருந்தார்கள். உடல் உபாதைகளைக் குறைவாகச் சொன்னார்கள். பேப்பரில் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ரசம் மேட்டர்! ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஆராய்ச்சியில் என்ன கிடைத்தது என்று எழுதினால் போதும். அண்ணாச்சிக்கு யாரிடமிருந்து என்பது முக்கியம். பாதி வரிகளில் ஓர் ஆள் இருப்பார்: செருப்புத் தைக்கிறவர், மெஸ் மாமி, பஸ்ஸில் நகர்ந்து உட்கார்ந்தவர். அவர்கள் மூலமாக ஒருவர் அனுப்புகிறார் என்பது அவர் நம்பிக்கை.

நானும் அப்போது ஒரு டைரி வாங்கி ஆரம்பித்தேன். முதல் நாள் பெருமையாக, ‘என் செக்‌ஷனில் மற்றவர்களைப் போல நான் கடனாளி இல்லை’ என்று எழுதிவிட்டு, அண்ணாச்சிக்கு லெட்டரில் அதைச் சொன்னேன். போஸ்ட் கார்டில் பதில் வந்தது: ‘கோயிலில் நின்று, நான் இந்த வரி வசூலிக்கிறவனைப் போல இல்லாததற்கு நன்றி என்று ஜெபித்த பரிசேயன் கதை லூக்கா 18-ல் இருக்கிறது. பார்க்கவும்.’ அடித்துவிட்டு வேறு எழுதினேன். அப்புறம் வாரக்கணக்கில் விட்டுப்போகும், மறுபடி ஆரம்பிப்பேன். இப்போதும் அந்த லட்சணம்தான்.

2012-ல் அசனத்துக்குக் கூப்பிட்டார் என்று நாசரேத் போனேன். முன்பக்கம் தலை முழுக்க வழுக்கை. பாப்பா டீச்சராகி, அவளுக்கு ஒரு பாப்பா. திண்ணையில் அதே டிரங்குப் பெட்டி. உள்ளே வரிசையாக டைரிகள், எல்லாம் போன வருஷத்து டைரிகள். இத்தனை வருஷம் கேட்காததை அன்றைக்குக் கேட்டேன். “அந்த வெள்ளிக்கிழமை என்ன எழுதினீங்க அண்ணாச்சி?”

தேடி எடுத்துக் கொடுத்தார். மை மங்கியிருந்தது.

‘1. இன்னைக்கு ஒண்ணும் தோணலை, ஆண்டவரே.’

‘2. தம்பி டீயும் பன்னும் வாங்கிக்கிட்டு வந்தான்.’

மூன்று என்று எண் மட்டும் போட்டிருந்தது. எதிரே வெறும் இடம்.

“மூணாவது?”

“அன்னைக்கு வரலை தம்பி. வராததை வந்த மாதிரி எழுதக் கூடாதுல்லா... கணக்குப்பிள்ளை நான்” என்றார். கோயில் பக்கமிருந்து குழம்பு வாசனை வந்தது. “எழுந்திரு, முதல் பந்தி போயிரும்” என்று என் தோளில் தட்டினார்.